பறித்த கனியின் மூச்சு

கணபதியில் வாழ்வோர்க்கும், அவ்வழியே நாள்தோறும் கல்லூரிக்கும் ஆலைக்கும் செல்வோர்க்கும் சத்தியமங்கலச் சாலை புதியதன்று. வைகறையில் அச்சாலையோரம் சற்றே நின்று நோக்குவார்க்கு, அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் ஆகிய பக்கங்களினின்று வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு கோவை நகருட் புகும் வண்டிகள் கண்ணிற்படும். தார்களின்மேற் சருகு பரப்பியிருக்கும். அச்சருகே மெத்தையாக ஓர் ஆள் படுத்து உறங்கி வருதலும் உண்டு. அவனுடைய உறக்கத்தை யாம் குறைகூறவில்லை. இரவெல்லாம் தார் வெட்டிச் சுமந்தவன் அவன். ஆயினும் அவன் உடலின் கீழ் நசுங்கும் காய்களுக்கு நேர்வது யாதென அவனும் அறியான், அவனை அமர்த்தியவரும் அறியார், அக்கனிகளை மூன்றாம் நாள் வாங்கி உரித்துக் கறுத்த பகுதியைக் கிள்ளி எறியும் நாமும் அறியோம். அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரத்தினின்று பிரிந்த அக்கணமே கனி உயிர் நீத்துவிடுகின்றது என்றும், அதன்பின் அஃது அழுகுதற்கு எத்தனை நாளாகும் என்பதே கணக்கு என்றும் நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். இவ்வெண்ணம் பிழையானது. பறித்த கனி உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகின்றது. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, தன்னகத்தே சேமித்துவைத்த சர்க்கரையையும் புளிப்பையும் சிறிது சிறிதாகச் செலவிட்டு, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றது. மரத்தில் இருந்தபொழுதும் இதனையே செய்தது. வேறுபாடு யாதெனில், அப்பொழுது இலைகள் உணவையும் வேர்கள் நீரையும் இடையறாது அளித்துவந்தன. இப்பொழுது அவ்வரவு நின்றுவிட்டது. வருவாய் அற்று முதலைத் தின்னத் தொடங்கிய குடும்பத்தின் நிலையே பறித்த கனியின் நிலை. முதல் எவ்வளவு, செலவு எவ்வளவு விரைவு என்னும் இரண்டுமே அதன் வாழ்நாளை அறுதியிடும்.

இதனினின்று ஓர் உண்மை புலனாகும். பறித்தபின் கனியின் தரத்தை உயர்த்தும் கலை உலகில் எதுவும் இல்லை. உள்ளதைக் காக்கும் கலையே உண்டு. முற்றாத காயைப் பறித்து எவ்வகை அறையில் வைத்தாலும் அது நிறம் மாறலாம், மென்மையுறலாம். இனிமையும் மணமும் வாரா. இதனையே நம் நாட்டார் 'வெம்பல்' என்னும் ஒரு சொல்லால் உணர்த்திவிட்டனர். அச்சொல்லில் அடங்கிய இகழ்ச்சியை உழவர் எவரும் அறிவர்.

கனி மூச்சு விடுவதைக் காண விரும்பும் மாணவர், மண்டியிற் குவித்த மாங்காய்க் குவியலின் நடுவே கையை நுழைத்துப் பார்ப்பாராக. மேலுள்ள காய்களினும் நடுவிலுள்ளவை வெதுவெதுப்பாக இருக்கும். வயலிலிருந்து கொணர்ந்த வெயிலின் சூடு ஒருபுறமிருக்க, காய்கள் தாமே விடும் வெப்பமும் வெளியேற வழியின்றி அங்குத் தங்கிவிடுகின்றது. வெப்பம் கூடக் கூட மூச்சும் விரைவுபடும். உஷ்ணம் பத்து டிகிரி ஏறும்தோறும் மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்காகும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொதுவிதி. ஆகவே, சித்திரை வெயிலில் 38 டிகிரியில் ஒரு நாள் கிடக்கும் காய், 18 டிகிரியில் நான்கு நாளோ, அதனினும் மிகுதியாகவோ வாழ்ந்த வாழ்வை அவ்வொரு நாளிலேயே வாழ்ந்து தீர்த்துவிடுகின்றது. பறித்த முதற் சில மணி நேரத்தில் நிழல் தேடாதவர், பின்னர் எத்துணைப் பொருள் செலவிட்டுக் குளிரூட்டினும் இழந்த நாட்களை மீட்க இயலாது.

இத்துறையின் வரலாறு சுவையுடையது. காற்றிற் பிராணவாயு இல்லாதவிடத்துக் கனிகள் பழுப்பதில்லை என்பதைப் பிரான்சு தேசத்து பெரார் என்பார் 1821இலேயே எடுத்துக்காட்டினார். எனினும் நூறாண்டு கழிந்தே அது பயன் தந்தது. கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்னும் இரு அறிஞர்கள் ஆப்பிளின் மூச்சை நாள்தோறும் அளந்து, அது பழுக்கத் தொடங்குங்கால் மூச்சு திடீரென ஓங்கிப் பின் தணிகின்றது என்று 1920களிற் கண்டனர். காற்றிற் பிராணவாயுவைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் அவ்வோங்கலைத் தள்ளிப்போடலாம் என்பதும் அவர்கள் கண்டதே. 1929இல் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் அம்முறைப்படி ஆப்பிட்கிடங்கு ஒன்று எழுந்தது. இன்று நம் கடைகளில் ஆண்டு முழுதும் ஆப்பிள் கிடைப்பதற்கு அவ்விருவரின் பொறுமையான அளவைகளே வித்து.

மூச்சு இவ்வாறு ஓங்குதல் எல்லாக் கனிகளுக்கும் பொதுவன்று. வாழை, மா, சப்போட்டா, பப்பாளி, பலா, தக்காளி முதலியன ஓங்கும் இனம்; முற்றிய காயாகப் பறித்தால் பின்பு பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி முதலியன ஓங்கா இனம். இவை செடியிலும் கொடியிலுமே பழுக்கவேண்டும், பறித்தபின் இனிமை ஏறா. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்திற் புளிக்கும் குலையை அறுத்துவைத்துக்கொண்டு நாளை இனிக்கும் என்று காத்திருப்பது வீண். ஆனால் வாழைத்தாரோ பசுங்காயாக இருக்குங்கால் தன் சதையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலாக மாவுப்பொருளைத் தாங்கியிருக்கும். பழுத்தபின் அம்மாவு ஏறக்குறைய முழுதும் சர்க்கரையாய் மாறி, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே எஞ்சும். இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாக் கனிகளையும் ஒரே முறையில் நடத்துவதே பல இழப்புகளுக்குக் காரணமாகின்றது.

இனி, பழுத்தலைத் தூண்டுவது யாது? 1901இல் ருஷியாவின் தலைநகராயிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபவ் என்னும் மாணவர், தம் ஆய்வுச்சாலையில் முளைத்த பட்டாணி நாற்றுகள் நேரே நிமிராமல் கோணி வளர்வதைக் கண்டு, விளக்கெரிக்கும் வாயுவிற் கலந்த எத்திலீனே அதற்குக் காரணம் எனத் துணிந்தார். நாற்றைக் கோணச் செய்த அவ்வாயுவைப் பழுக்கும் ஆப்பிள் தானே உண்டாக்கி வெளிவிடுகின்றது என்று 1934இல் கேன் என்னும் ஆங்கில அறிஞர் மெய்ப்பித்தார். ஆகவே எத்திலீன் கனியின் சொந்தக் குரல். ஒரு கனி பழுத்தால் அக்குரலைக் கேட்டு அயலிலுள்ளவையும் பழுக்கத் தொடங்குகின்றன. ஒரே சீப்பிலிருந்து இரண்டு பசுங்காய்களை எடுத்து, ஒன்றை நன்கு கனிந்த பழத்தோடு தகர டப்பாவில் மூடியும், மற்றொன்றைத் தனியே காற்றோட்டத்திலும் வைத்துப் பார்த்தால், முன்னது பின்னதை முந்திக்கொண்டு மஞ்சளாவதை எம் மாணவர் தம் விடுதியறையிலேயே காணலாம். அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்துவைக்கும் பாட்டியார் இவ்வாயுவின் பெயரை அறியாவிடினும் அதனைச் சிறைப்படுத்தும் வழியை அறிந்திருந்தார்.

எத்திலீனை எழுப்பும் பிறிதொரு காரணம் காயம். வேதாகமத்தில் தீர்க்கதரிசியாகிய ஆமோஸ் தம்மை ஆடுமேய்ப்பவனென்றும் காட்டத்திக் கனிகளோடு தொழில் செய்பவனென்றும் கூறிக்கொள்வதை நம் கல்லூரி மாணவர் படித்திருப்பர். பாலஸ்தீனத்திலும் எகிப்திலும் காட்டத்திக் காய்களை அறுவடைக்குச் சில நாள் முன்னர்க் கத்தியாற் கீறிவிடுதல் பண்டைய வழக்கம்; கீறிய காய் விரைவிற் பருத்துப் பழுக்கும். கீறலால் எழும் எத்திலீனே அவ்விரைவுக்குக் காரணம் என்று இக்காலத்தார் விளக்குகின்றனர். அந்நாட்டார் வேண்டுமென்றே செய்த அதனை, நாம் வேண்டாமலே நாள்தோறும் செய்கின்றோம். தாரைத் தரையில் 'தொப்'பெனப் போடும்பொழுதும், சாக்கில் மாங்காயை நிரப்பி ஏறி மிதிக்கும்பொழுதும், நாம் முற்கூறிய உறக்கத்தின்பொழுதும் நிகழ்வது இதுவே. கன்றிய காய் தான் விரைந்து மூப்பதோடு அடங்காது. தன் வாயுவால் வண்டியிலுள்ள ஏனைய காய்களையும் மூப்பிக்கின்றது. அன்றியும் காயம்பட்ட இடம் பூஞ்சணத்திற்குத் திறந்த வாயில். ஆகவே பத்துக் காய் நசுங்கினால் இழப்பு பத்துக் காயன்று.

அறுவடை முறையைப்பற்றி இங்கே சில சொல்லவேண்டும். நேந்திரன் வாழையைத் தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்புவதாயின் முழுதும் திரளுமுன், காயின் விளிம்புகள் மழுங்கத் தொடங்கி முக்காற்பங்கு திரண்ட நிலையில் வெட்டுவர். அண்மைச் சந்தைக்கு இன்னும் முற்றவிடுவர். ஓணத்தை ஒட்டிக் கேரளத்தில் இதற்கு மிகுந்த கிராக்கி ஏற்படுவதால், விலை ஆசைக்கு உட்பட்டு முற்றாத தாரையும் வெட்டிவிடும் அவசரம் அக்காலத்தில் உண்டு. மாங்காயைத் துறட்டியால் தட்டி வீழ்த்தாமல், நுனியில் வலைப்பை கட்டிய கோலால் காம்போடு பறித்தல் நலம். காம்பு ஒடிந்த இடத்திற் பீறிடும் பால் தோலிற் பட்டால் தீப்பட்டது போலக் கறுக்கும். காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பால் வடியவிட்டபின் அடுக்கவேண்டும். இவையெல்லாம் காலை வெயில் ஏறுமுன் முடிந்து, காய்கள் நிழலை அடைந்துவிடவேண்டும். பறித்த மாங்காயை 52 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி எடுத்து ஆறவைத்து உலர்த்தினால், பழுக்குங்கால் தோன்றும் கரும்புள்ளி நோயின் பூஞ்சணம் பெரும்பாலும் அடங்கும். வெப்பமானி இன்றி விரலால் சூடு பார்த்து இதனைச் செய்வோர் காயை அவித்துவிடுவர் என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

பழுக்கவைக்கும் தொழிலுக்கு வருவோம். குழியிலும் அறையிலும் தார்களை அடுக்கி, வைக்கோலும் சருகும் கொளுத்திப் புகைமூட்டம் போடுதல் நம் பழைய வழக்கு. அப்புகையிலும் எத்திலீன் உண்டு. ஆகவே முறை மூடமானதன்று, அளவின்மையே அதன் குறை. இதனினும் எளிது என்று கருதிப் பின்னாளிற் கார்பைடுக் கல்லை நாடினர். ஈரம் பட்டவுடன் அக்கல் அசிட்டிலீன் வாயுவை விடும். அவ்வாயு எத்திலீனைப் போன்று தொழிற்படுமாயினும் மிகப் பெரிய அளவிற் செலுத்தினாலன்றிப் பயன் தராது. தொழிற்சாலைக்கென்று ஆக்கிய அக்கல்லில் பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகியவற்றின் நச்சுக் கலப்பும் சிறிது உண்டு. முற்றாத காய்க்கும் மஞ்சட் போர்வை தந்துவிடுதலால், வெம்பலைப் பழமென்று விற்கும் வஞ்சனைக்கும் அது துணையாயிற்று. இந்திய உணவுச் சட்டம் இதனை நெடுங்காலமாகவே தடுத்துவருகின்றது; 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் கார்பைடு வாயுவாற் பழுத்த கனியை விற்றலாகாது என்றே விதிக்கின்றன. இருந்தும் கோடைதோறும் அதிகாரிகள் மண்டிகளிற் கல்லைக் கைப்பற்றும் செய்தியைப் பத்திரிகைகளிற் படிக்கின்றோம். சட்டத்தின் குறையன்று இது. விலை ஏறியிருக்கும் நாளிலேயே விற்றுவிட வேண்டும் என்னும் பதைப்பு.

நேரிய வழி இல்லாமலில்லை. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்குக்கு மேற்படாமல் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்தலாம் என்று 2016இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இசைவு தந்தது. மூடிய அறையில் வாழைத்தார்களை 16 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியிலும் நல்ல ஈரப்பதத்திலும் வைத்து, ஒரு நாள் அவ்வாயுவைச் செலுத்தி, பின் கதவைத் திறந்து கரியமில வாயு வெளியேறவிட்டு மூடினால், நாலைந்து நாளில் எல்லாக் காய்களும் ஒருசேர நிறம் பெறும். இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கவேண்டும். ஒரே சீரான மஞ்சள் நிறமும் பச்சைக் காம்பும் கண்டால் அது கல்வைத்த பழமே என்று பலர் தீர்ப்பளிக்கின்றனர். முறையான எத்திலீன் அறையிலிருந்து வரும் பழமும் அவ்வாறே தோன்றும். தோலை மட்டும் நோக்கி நேர்மையான வியாபாரியைப் பழித்தல் நியாயமன்று.

குளிர்ச்சியைப் பற்றியும் இதுபோன்ற மயக்கம் உண்டு. குளிர் நன்று எனின் மிகுந்த குளிர் மிக நன்று என்பது வெப்பநாட்டுக் கனிகளுக்குப் பொருந்தாது. ஆப்பிளும் திராட்சையும் பனிக்கட்டி உறையும் நிலையை ஒட்டிய குளிரையும் தாங்கும். வாழையோ 13 டிகிரிக்குக் கீழே சென்றால் நோயுறும். தோல் சாம்பல் படிந்து கறுக்கும், காயாயின் பின்னர்ச் சரிவரப் பழுக்காது. மாம்பழமும் 12 டிகிரி அளவோடு நிற்பதே நலம். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உஷ்ணம் பெரும்பாலும் நாலைந்து டிகிரி. அதனுட் பசுவாழைக்காயைத் திணித்துவிட்டு, பழுக்கவில்லை என்று கடைக்காரரோடு வழக்காடும் இல்லத்தாரை யாம் அறிவோம்.

பெருங்குளிர்க் கிடங்கு எல்லா உழவர்க்கும் எட்டுவதன்று. மின்சாரமும் முதலும் வேண்டும். எட்டுவது ஒன்று உண்டு. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 1980களில் ஆக்கியளித்த மின்சாரம் வேண்டாக் குளிரறை அது. அதன் நுட்பம் நம் மண்பானையின் நுட்பமே. தரையில் ஒருவரிசைச் செங்கல் பரப்பி, அதன்மேல் 165 சென்டிமீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமுமாகச் சுமார் 67 சென்டிமீட்டர் உயரத்திற்கு இரட்டைச் சுவர் எழுப்பவேண்டும். இரு சுவர்க்கும் இடையே ஏழரைச் சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அதில் ஆற்றுமணலை நிரப்பி நீர் தெளிக்கவேண்டும். மூங்கிற் சட்டத்தில் வைக்கோலோ சாக்கோ பரப்பியது மூடி. மேலே கீற்றுக்கொட்டகையின் நிழல். காலையும் மாலையும் நீர் தெளித்தாற் போதும். ஒரு கிராம் நீர் ஆவியாதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைச் சுவரினின்றும் உள்ளிருக்கும் காற்றினின்றும் அது கவர்ந்துகொள்ளுதலால் அறை குளிர்கின்றது. கடுங்கோடையில் வெளியிலுள்ளதினும் பத்து டிகிரிக்கு மேலும் உஷ்ணம் தாழும். உள்ளே ஈரப்பதமும் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் நிற்கும். இவ்வீரப்பதம் பெரிதும் வேண்டற்பாலது. கனி தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீரை இழந்தாலே தோல் சுருங்கி, வாங்குவோர் முகம் சுளிப்பர்.

இவ்வறை நம் கொங்கு நாட்டிற்கு மிகப் பொருந்தும் என்பது எம் கருத்து. காற்று உலர்ந்திருக்குமிடத்தே நீர் விரைந்து ஆவியாகும். மாசி முதல் சித்திரை வரை கோவைப் பக்கம் அத்தகைய உலர்ந்த வெயிற்காலம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசத் தொடங்கினால் அறையின் பயன் குறையும் என்பதையும் மறைக்கலாகாது. அக்காலத்தில் வெளிக்காற்றே ஓரளவு குளிர்ந்திருத்தல் நம் நற்பேறு. ஏறக்குறைய நூறு கிலோ கனி கொள்ளும் இவ்வறையைக் கொத்தனார் ஒருவர் எளிதிற் கட்டிவிடலாம். இத்துணை எளிதான ஒன்று நம் தோட்டங்களில் அரிதாகவே காணப்படுவது எமக்கு வியப்பளிக்கின்றது. பெருஞ்செலவான கருவிக்குத் தரும் மதிப்பை நாம் செங்கல்லுக்கும் மணலுக்கும் தருவதில்லை போலும்.

இறுதியாக, நம் நகரிலேயே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி. சைதாப்பேட்டையில் 1868இல் தோன்றி 1906இற் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நம் வேளாண்மைக் கலைக்கூடத்தை எல்லோரும் அறிவர். அங்குள்ள நானோ அறிவியல் துறையினர், கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தாரோடும் இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனத்தாரோடும் கூடி, கனடா அரசின் பொருளுதவியோடு 2012 முதல் எக்சனால் என்னும் பொருளை ஆராய்ந்தனர். இது புதிதாக ஆக்கிய நஞ்சன்று. செடிகள் தாமே உண்டாக்குவது. புல்லை வெட்டுங்கால் எழும் பச்சை மணத்திற் கலந்திருப்பது இதுவே. கனி மூக்குங்கால் உயிரணுக்களின் மெல்லிய சவ்வை அரித்துத் தகர்க்கும் நொதி ஒன்று உண்டு. எக்சனால் அந்நொதியின் கையைக் கட்டுகின்றது. சவ்வு உறுதியாக நிற்றலாற் சதையும் உறுதியாக நிற்கின்றது. கொங்கு நாட்டின் வடகிழக்கே மாந்தோப்புகள் நிறைந்த கிருஷ்ணகிரியில் இதனைச் சோதித்தனர். அறுவடைக்கு ஒரு திங்கள் முன்னரும் பதினைந்து நாள் முன்னரும் மரத்திற் தெளித்தபொழுது, காய்கள் உதிராமலும் கெடாமலும் சுமார் இரண்டு வாரம் கூடுதலாக மரத்திலேயே நின்றன. வாழைத்தண்டு முதலிய கழிவுகளினின்று ஆக்கிய உறையில் இப்பொருளை ஏற்றிக் கனியைப் பொதியும் முறையையும் அக்குழுவினர் வகுத்தனர்.

இரண்டு வாரம் என்பதைச் சிறிதென எண்ணற்க. மாம்பருவத்தில் ஊர்தோறும் காய் ஒருசேர முற்றி, ஒருசேரச் சந்தைக்கு வந்து, ஒருசேர விலை வீழ்கின்றது. அன்று தோட்டக்காரர் மறுத்துத் திரும்ப இயலாது. காய் அவருக்காகக் காத்திராது. தரகர் சொன்னதே விலை. காய் மரத்தில் இன்னும் பதினைந்து நாள் நிற்குமாயின், 'இன்று வேண்டாம், அடுத்த வாரம் வருக' என்று சொல்லும் வாய் அவருக்கு உண்டாகின்றது. கல்லைக் கைக்கொள்ளத் தூண்டும் அப்பதைப்பும் அன்று தணியலாம். கணபதிச் சாலையில் வரும் வண்டிகளுக்கோ ஆராய்ச்சிச்சாலை தேவையில்லை. தார்களைச் சீப்புகளாக அறுத்து, துளையுள்ள பெட்டிகளில் அடுக்கி ஏற்றினால், படுத்துறங்கும் அவ்வாளுக்குப் பெட்டிகளின்மேல் ஒரு பலகையும் போட்டுவிடலாம்.